மாம்பழச் சோறும் இஞ்சிப் பச்சடியும்

பாங்காக்கில் சைவமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வெறும் கீரை வதக்கல் கேட்டாலும் ருசிக்கு என்று மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து பசியோடு வெளியே வந்த ஒரு நாள், தள்ளுவண்டியில் மாம்பழச் சோறு கண்ணில் பட்டது. ஒட்டும் அரிசியை ராத்திரியே ஊறப்போட்டு, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு சீனியும் உப்பும் கரைத்த தேங்காய்ப்பாலில் பிசறி மூடிவைக்கிறார்கள். பாலையெல்லாம் குடித்துப் பளபளவென்று கிடக்கும் அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் 'நாம் டோக் மாய்' என்கிற ரக மாம்பழத் துண்டுகள். மேலே லேசாக உப்புக் கரிக்கும் கெட்டிப்பால், மொறுமொறுவென்று வறுத்த பாசிப்பருப்பு. காவ் நியாவ் மாமுவாங் என்று பேர். அந்த சீசன் முழுக்க எனக்கு ராச்சாப்பாடு அதுதான்.

மே மாதம் லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்தபோது அந்த அரிசியும் பெட்டியில் வந்தது. அம்பை 16 என்று நெல் ரகத்துக்கே பேர் கொடுத்த ஊருக்கு அரிசிப் பொட்டலம்! ஆச்சி நாலு அரிசியை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். சுத்த வெள்ளை, கண்ணாடித்தன்மையே கிடையாது.

"முத்தாத நெல்லுல்லா இது? உன்ன நல்லா ஏமாத்திட்டான்யா."

சோற்றோடு மாம்பழம் என்றதும் முகம் இன்னும் சுருங்கியது.

"தயிர்ச்சோத்துக்கு மாம்பழம் தொட்டுக்கிடுதியளே ஆச்சி?"

"அது தயிரு."

இதற்கு மேல் அப்பீல் கிடையாது. 2022இல் மில்லி என்கிற தாய்லாந்துப் பாடகி அமெரிக்காவில் கோச்செல்லா இசை விழா மேடையிலேயே இதைச் சாப்பிட்டாள், அப்புறம் பாங்காக் கடைகளில் ஒரே கூட்டம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"பாட்டு படிக்கப் போன எடத்துல என்ன தீனி?"

மூங்கில் கூடைக்கு எங்கே போவது? இட்லிக் கொப்பரையில் துணி விரித்து அவித்தோம், பிரமாதமாக வெந்தது. அம்மா தேங்காய் துருவி, கை பழக்கத்தில் முதல் பால், ரெண்டாம் பால் என்று தனித்தனியாக எடுத்துவைத்தாள். பால் அடுப்பில் ஏறியதுதான் தாமதம், வாசம் அடுத்த தெரு வரை போய்விட்டது. திருநெல்வேலிக்காரன் மூக்குக்குத் தேங்காய்ப்பால் என்றால் ஒரே அர்த்தம்தான்.

"சொதியா மைனி?" என்று சித்தப்பா வந்துவிட்டார். யாரும் பதில் சொல்லுமுன் சித்திக்குப் போன் வேறு. தேங்காய்ப்பால் குழம்பான சொதி இஞ்சிப் பச்சடி இல்லாமல் செரிக்காதாம்.

கிண்ணத்தில் பச்சடி வந்தது. நாரில்லாத பங்கனபள்ளியாகப் பார்த்து நறுக்கி, சோற்றோடு இலையில் வைத்தேன். சித்தப்பா மாம்பழத்தை ஓரமாக ஒதுக்கினார். சோற்றை ஒரு உருட்டு உருட்டிப் பச்சடியில் தொட்டு வாயில் போட்டார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி மட்டும் அவர் ஒதுக்கிய மாம்பழத்தைச் சத்தமில்லாமல் தன் இலைக்கு மாற்றிக்கொண்டாள்.

மறு சோறு வாங்கிக்கொண்டே சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: "சொதி நல்லாத்தான் இருக்கு மைனி. சீனிதான் கொஞ்சம் தூக்கலா விழுந்துட்டு."