வால் வைத்தவருக்குக் கால்சட்டை

பாதி மனிதர், பாதி விலங்கு என்று ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறவர்கள் காதையும் கொம்பையும் ஆசை ஆசையாக வரைகிறார்கள். உடை என்று வரும்போது மட்டும் மனிதருக்குத் தைத்ததையே மாட்டிவிட்டு, பின்னால் வட்டமாக ஒரு ஓட்டை போடுகிறார்கள். அந்த ஓட்டைக்குள் வாலை நுழைப்பது யார், எப்படி? அழகெல்லாம் பிறகு. அந்த உடம்பு, தனக்கிருக்கும் கையை வைத்துக்கொண்டு, தானே உடுத்திக் கழற்ற வேண்டும்.

வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. பிட்டம் பிரியத் தொடங்கும் இடத்தை ஒட்டிக் கிளம்பும். கால்சட்டையின் பின்நடுத் தையலும் அங்கேதான் ஓடுகிறது. ஆகவே துணியில் ஓட்டையே வேண்டாம். அந்தத் தையலை இடுப்புப் பட்டியிலிருந்து வாலடிவரை மூடாமல் விட்டு, அடியில் மட்டும் சாவித் துளை போல வளைத்தால் போதும். வளைவின் சுற்றளவு வாலடியைவிட 3 முதல் 4 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். விளிம்புக்கு நேர்த்துணியில் பட்டி கொடுத்தால் சுருங்கும், கிராஸ் பீஸ்தான் (துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) படியும். பிளவின் அடிமுனையில் குறுக்கே நெருக்கமாக நாலைந்து தையல் போட மறந்தால், குந்தி உட்காரும்போது கவட்டுவரை கிழியும். இழுப்பு முழுவதும் அந்தப் புள்ளிக்குத்தான் வருகிறது.

மேலே, இடுப்புப் பட்டியின் இரு முனைகளும் வாலுக்கு மேல் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரண்டு பட்டனில் முடியட்டும். பார்க்காமல் தடவிப் போட வேண்டியது என்பதால் பெரிய பட்டன். விரலில் நீண்ட நகம் இருந்தால் பட்டனுக்குப் பதில் கயிற்று வளையமும் மரக்குச்சியும். வெல்க்ரோ பக்கமே போகாதீர்கள், ரோமம் அடைத்து ஒட்டாமல் போகும். ஜிப்பும் ரோமத்தைக் கடிக்கும். வால் அசைய அசைய இடுப்பு இறங்கும், எலாஸ்டிக் அதைத் தாங்காது. தோள்வார் வேண்டும், அதுவும் முதுகில் நடுவில் சேராமல் வாலுக்கு இருபுறமும் தனித்தனியாக இறங்குவது.

கால் இன்னும் வம்பு. நாய், பூனைக் காலில் ‘பின்னோக்கி மடியும் முழங்கால்’ என்று பலர் நினைப்பது உண்மையில் குதிகால். அவை விரலில் நடக்கின்றன, அவ்வளவுதான். முழங்கால் மேலே, முன்னோக்கி மடிந்தபடி இருக்கிறது. எனவே ஒரே குழாயில் இரண்டு எதிரெதிர் மடிப்புகள். முழங்காலுக்கு முன்பக்கத் துணி நீளம் வேண்டும், குதிகாலுக்குப் பின்பக்கத் துணி. நேராக வெட்டினால் குதிகாலில் இழுத்துப் பிடித்து, அதன் முன்பக்கம் கசங்கிக் குவியும். பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்து, உட்காரவைத்துப் பார்த்து, பிறகே நல்ல துணியை வெட்டுங்கள். என் கட்சி, முழங்காலுக்குக் கீழே கால்சட்டையே வேண்டாம் என்பது. துணிப்பட்டி சுற்றலாம். ஆனால் குதிகாலுக்குக் கீழே எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுமே அதிகம், தசை குறைவு. அடியில் மெத்தென்று ஒரு அடுக்கு இல்லாமல் இறுக்கிச் சுற்றினால் தசைநாண் கெடும். குதிரைக் காலுக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்கு இது தெரியும்.

குதிரையுடல் கொண்டவருக்குச் சிக்கலே வேறு: தன் பின்புறத்தை அவரால் எட்ட முடியாது. குதிரைப் போர்வையில் இருக்கும் பின்கால் வார், வாலடி வார் எதுவும் உதவாது. உயரக் கம்பியில் போர்வையைத் தொங்கவிட்டு அடியில் நடந்து நுழைந்து, மார்பில் கொக்கி மாட்டுவதே வழி. நழுவாமலிருக்கப் பின்புறத்துக்கு டார்ட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்து உருவம் கொடுங்கள். பைகள் இருபுறமும் சம எடையில் தொங்கட்டும், முதுகெலும்பின்மேல் பாரம் படவே கூடாது.

சிறகுக்குச் சட்டையின் முதுகு மூன்று பட்டையாகப் பிரிந்து, இடுப்பில் வந்து கட்டினால் முடிந்தது.

நாக உடலுக்குக் கம்பளி சுற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. கம்பளி தானாகச் சூடு தராது, உடம்பு தரும் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும். பாம்புடலுக்கு அந்தச் சூடே மிகக் குறைவு. போர்த்தினால் வெயிலையும் தடுத்துவிடும். உள்ளே சுடுகல் பை இருந்தால்தான் கம்பளிக்கு வேலை. உறை தலைப்பக்கமிருந்து வால் நோக்கி இறங்கட்டும், எதிர்த்து இழுத்தால் செதிலில் மாட்டும். வயிற்றுச் செதில்களை மூடினால் பிடிப்பு இல்லாமல் நகர்வது கடினம். கல்லுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு மடிப்புத் துணி கட்டாயம்: ஊர்வனவற்றுக்குச் சுட்டாலும் சில நேரம் உடனே விலகத் தோன்றாது. பையை மனித இடுப்புக்குச் சற்றுக் கீழே, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.