மங்கிய விளக்கு

நேற்று ராத்திரி ‘கேஸ்லைட்’ பார்த்துக்கொண்டிருந்தேன். 1944இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாதியில் எங்கள் வீட்டு டியூப்லைட் ஒரு துடி துடித்து மங்கியது.

மாடியில் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் திக்கென்றது.

ஏனென்றால் படத்திலும் அதேதான். விக்டோரியா காலத்து லண்டன் வீடு. இன்னொரு அறையில் விளக்கேற்றினால் குழாயில் வரும் எரிவாயு பங்குபோய், இங்கே சுடர் இறங்கும். புருஷன் வெளியே போனபிறகு தினமும் இறங்குகிறது. பூட்டிக் கிடக்கும் பரணில் காலடிச் சத்தம் வேறு.

அவனோ, “எல்லாம் உன் பிரமை” என்கிறான். பரணில் நகை தேடுவதே அவன்தான்!

மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு இதற்காக ஆஸ்கர் கொடுத்தார்கள். தகும். (திமிர் பிடித்த வேலைக்காரியாக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு இதுதான் முதல் படம். நம்பவே முடியவில்லை.)

எனக்கு மறக்காதது ஒரே இடம். கடைசியில் துப்பறிகிற மனிதர் ஒருவர் அந்த மனைவியோடு இருக்கும்போது சுடர் இறங்குகிறது. அவரும் நிமிர்ந்து பார்க்கிறார். ‘நீங்களும் பார்த்தீர்களா?’ என்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அவர் இன்னும் அவளைக் காப்பாற்றக்கூட இல்லை. கூடவே பார்த்தார், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன்: “அப்போ லைட் டிம் ஆச்சுதானே?”

“ஆமா, நானும் பார்த்தேன்” என்றாள்.