30 நிமிடக் காத்திருப்பு, சில நொடி இழுப்பு

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு பிராஜெக்டுக்கு நான் எடுத்தது நெஞ்செரிச்சலுக்கான ஆல்ஜினேட் சஸ்பென்ஷன், அதாவது பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் சேர்ந்த திரவ மருந்து. வயிற்று அமிலம் பட்டதும் ஜெல்லாகி, சாப்பாட்டின் மேல் தெப்பமாக மிதக்கும் ரகம். மருந்தைத் தயாரிக்க இரண்டு வாரம்தான் ஆனது. அந்தத் தெப்பத்தின் வலுவை நம்பும்படி அளக்க நான்கு மாதம் ஆனது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்த நான்கு மாதத்தை எழுதுகிறேன்.

சரக்கு மூன்றுதான்: சோடியம் ஆல்ஜினேட், சோடியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட். கடையில் கிடைக்கும் கேவிஸ்கான் திரவத்தில் 10 மில்லிக்கு முறையே 500, 267, 160 மில்லிகிராம். அமிலத்தில் விழுந்ததும் ஆல்ஜினேட் உறைகிறது. உப்புகளிலிருந்து கிளம்பும் கரியமில வாயு ஜெல்லுக்குள் குமிழ்களாகச் சிக்கி அதை மேலே தூக்குகிறது. கால்சியம் கார்பனேட் கரைந்து விடும் கால்சியம், ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பக்கம் பக்கமாகப் பிணைக்கிறது. தெப்பம் பிய்ந்துபோனால் குனியும்போதும் படுக்கும்போதும் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவிடும். பல வருடமாக இரண்டு தலையணை வைத்துப் படுக்கும் அம்மாவைப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

அளக்கும் முறை கேட்க எளிது. 37 டிகிரியில் 150 மில்லி 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள பீக்கரில், எல் வடிவில் வளைத்த 1.2 மில்லிமீட்டர் கம்பியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மருந்தை ஊற்றி 30 நிமிடம் விட்டால் தெப்பம் கம்பியைச் சுற்றி உருவாகும். பிறகு டெக்ஸ்சர் அனலைசர் என்ற, இழுக்கும் விசையை அளக்கும் கருவியில் மாட்டி நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் மேலே இழுத்தால், தெப்பம் கிழியும்போது தெரியும் உச்ச விசைதான் அதன் வலு. அதைக் கிராமில் சொல்வார்கள். மருந்துத் தரங்களைச் சொல்லும் நூலான பிரிட்டிஷ் ஃபார்மகோபியா இந்த வகை சஸ்பென்ஷனுக்குக் கேட்பது குறைந்தது 7.5 கிராம்.

எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி இல்லை. சீனியர்கள் செய்ததுபோல இரட்டைத் தட்டுத் தராசில் ஒரு தட்டைக் கழற்றி, அந்த இடத்தில் நூல் கட்டிக் கம்பியைத் தொங்கவிட்டேன். மறுபக்கத் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கப், அதற்கு மேல் பியூரெட் என்ற, அடியில் குழாய்த் திருகு உள்ள அளவுக் குழாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தெப்பம் கிழியும்போது கப்பில் எவ்வளவு நீர் என்று பார்க்க வேண்டும். 1 மில்லி 1 கிராம்.

ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த மூன்று டோஸும் மூன்று விதமாக வந்தன. ஒன்று 5 கிராம், அடுத்தது 9, மூன்றாவது 6. கம்பியை மாற்றினேன், நூலை மாற்றினேன், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். பத்து நாள் போனது. நோட்டைப் புரட்டிய கைடு மேடம், "ஒரே பாட்டில்ல மூணு பதில் வந்தா பாட்டிலைப் பாரும்மா, தராசையே பார்த்துட்டு இருக்காதே" என்றார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது கால்சியம் கார்பனேட். அது நீரில் கரையாது, அமிலத்தில்தான் கரையும். மேலாக உறிஞ்சிய டோஸில் கால்சியம் குறைவு, பிணைப்பும் குறைவு. அன்று முதல் ஒவ்வொரு டோஸுக்கும் முன் பாட்டிலை 20 முறை தலைகீழாகக் கவிழ்த்து எடுத்தேன். அன்றிரவே வீட்டுக்குப் போன் செய்து, "அம்மா, மருந்தைக் குலுக்கிட்டுத்தானே ஊத்துறீங்க?" என்று கேட்டேன். இல்லை என்றார். லேபிளில் இருக்கும் "நன்கு குலுக்கவும்" என்ற வரியை அதற்குமுன் நானும் பொருட்படுத்தியதில்லை.

குலுக்கிய பிறகு எண்கள் நெருங்கி வந்தன. ஆனால் பியூரெட்டை வேகமாகத் திறந்தால் வலு கூடியது, மெதுவாகத் திறந்தால் குறைந்தது. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஜெல் பாதி திடம், பாதி திரவம். மெல்லச் சுமை ஏற்றினால் உள்ளுக்குள் நழுவிக் கம்பிக்கு வழிவிடும். வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். கருவி இழுப்பது மாறாத வேகத்தில். தராசு செய்வது சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது. இரண்டும் இரு வேறு சோதனைகள். தராசில் வந்த எண்ணை 7.5 கிராமோடு ஒப்பிட்டு "பாஸ்" போடுவது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நான் புரட்டிய பழைய ஆய்வேடுகள் சிலவற்றில் அப்படித்தான் இருந்தது.

ஆகவே உணவுத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் அனுமதி கேட்டோம். பிரெட் எவ்வளவு மெது, இட்லி எவ்வளவு மெது என்று அவர்கள் பார்ப்பது இதே கருவியில்தான். இரண்டு நாள் கொடுத்தார்கள். தெப்பத்தை முன்கூட்டிச் செய்து தூக்கிப்போக முடியாது. கம்பிகள், அமிலம், மூன்று பாட்டில்களோடு விடியற்காலை பஸ் ஏறினேன்.

அங்கே கருவியில் இருந்தது 5 கிலோ வரை அளக்கும் லோட் செல், அதாவது விசையை உணரும் பாகம். பத்துக் கிராம் அதற்குத் தூசு. முதல் கிராஃபில் நடுக்கம்தான் தெரிந்தது. சிறிய எடைக்கல்லைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சரிபார்த்து, ஒவ்வொரு இழுப்புக்கும் முன் கம்பியோடு சேர்த்துப் பூஜ்யமாக்கிய பிறகுதான் உச்சி தெளிவாக வந்தது. பீக்கர்களை 10 நிமிட இடைவெளியில் வரிசையாக ஆரம்பித்தேன். அரை மணி நேரம் காத்தால் இழுப்பு சில நொடியில் முடிந்துவிடும். அந்தச் சில நொடியும் கண்ணைத் திரையில் வைக்காமல் பீக்கரில் வைக்க வேண்டும் என்பதை ஒரு அபத்தமான எண் வந்தபிறகு கற்றேன். அந்தத் தெப்பம் கிழியவே இல்லை, கம்பியோடு முழுசாக மேலே வந்துவிட்டது. கருவி காட்டியது வலுவை அல்ல, தெப்பத்தின் எடையை. கிராஃபைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

என் மூன்று ஃபார்முலாவில் இரண்டு 7.5 கிராமைத் தாண்டின. தாண்டாத மூன்றாவதில் அளவுகள் எல்லாம் முதலாவதைப் போலவேதான், ஆல்ஜினேட் மட்டும் வேறு கிரேடு. பழுப்புப் பாசியின் இனம், பறித்த பருவம், தண்டா இலையா என்பதைப் பொறுத்து ஆல்ஜினேட் சங்கிலியின் ஒரு கண்ணியான குலுரோனிக் அமிலத்தின் பங்கு மாறும். கால்சியம் இறுகப் பிடிப்பது அந்தப் பகுதியைத்தான். மண்டபம் பக்கத்தில் கட்டக்கோரை என்று எடுப்பார்களே, அதுவும் ஆல்ஜினேட் தரும் பாசிதான். வாங்கும்போது விஸ்காசிட்டியை, அதாவது கரைசல் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் கேட்டு வாங்கியது என் பிழை. குலுரோனிக் பங்கையும் சப்ளையரிடம் கேளுங்கள்.

ஆய்வேட்டில் தராசு எண்களைத் தனி அட்டவணையில், நிமிடத்துக்கு எத்தனை மில்லி விட்டேன் என்ற குறிப்போடு வைத்தேன். 7.5 கிராம் வரம்பை அதன் பக்கத்தில் எழுதவில்லை. வளைத்த கம்பிகள் லேப் இழுப்பறையில், விட்டமும் வளைவு நீளமும் எழுதிய கவரில் இருக்கின்றன. அடுத்த பேட்ச் பெண் ஒருத்தி எடுத்துப் போயிருக்கிறாள்.