டெக்சாஸில் தம்பி மேல் ஒரு திருட்டு வழக்கு: கையெழுத்துப் போடும் முன் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவை

ஹூஸ்டனில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் என் தம்பி மேல் திருட்டு வழக்குப் பதிவானது. வழக்கும் முடிந்து, சென்னையில் விசா ஸ்டாம்பிங்கும் ஆன பிறகுதான் இதை எழுத மனசு வந்தது. இப்படி ஒரு கேஸை வைத்துக்கொண்டு, ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெரிய கடை ஒன்றில் செல்ஃப் செக்அவுட், அதாவது நாமே பொருட்களை ஸ்கேன் செய்து காசு கட்டும் இடம். தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த வேக்குவம் கிளீனர் பெட்டி ஸ்கேன் ஆகவில்லை. அப்படியே வாசலைத் தாண்டிவிட்டான். கடையின் பாதுகாப்பு ஆட்கள் உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போய், தெரிந்தேதான் எடுத்தேன் என்று அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் போடவில்லை. பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்ற எச்சரிக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1966-ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பால் வந்தது. அதைச் சொல்லும் கடமை போலீஸுக்குத்தான், கடை ஆட்களுக்கு இல்லை. ஆனால் அந்த அறையில் நாம் சொல்வதும் எழுதுவதும் வழக்கில் நமக்கு எதிராக வரலாம்.

அன்று ராத்திரி கைரேகை, போட்டோ, கவுண்டி ஜெயில். மறுநாள் பணம் கட்டாமலே சொந்தப் பிணையில் விட்டார்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) சிறு குற்றங்களுக்கும் காசு கட்டினால்தான் ஜாமீன் என்றிருந்த முறையை எதிர்த்து 2016-இல் ஒரு வழக்குப் போட்டார்கள். அது 2019-இல் சமரசத்தில் முடிந்த பிறகு வந்த மாற்றம் இது.

பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கடை கொடுத்த பட்டியலில் பொருட்களின் மதிப்பு 900 டாலருக்கு மேல். டெக்சாஸில் திருடிய பொருளின் மதிப்பு 100 முதல் 750 டாலருக்குள் என்றால் கிளாஸ் பி என்ற வகைக் குற்றம், அதிகபட்சம் 180 நாள் ஜெயில். 750-ஐத் தொட்டால் 2,500 வரை கிளாஸ் ஏ, அதிகபட்சம் ஒரு வருஷம். இவன் மேல் போட்டது கிளாஸ் ஏ.

முதலில் பிடித்த வக்கீல் ரொம்ப சுலபமாகச் சொன்னார்: "குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் போதும். நீதிபதி தீர்ப்பே எழுதாமல் கேஸைத் தள்ளிவிடுவார்." இதற்கு டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் என்று பெயர். டெக்சாஸ் சட்டப்படி அவர் சொன்னது சரிதான், அது தண்டனைக் கணக்கில் வராது. கோவையிலிருந்து அம்மா போனில், "சரிம்மா, கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய வரச் சொல்லு, போதும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. தனியாக ஓர் இமிக்ரேஷன் வக்கீலிடம் நேரம் வாங்கினேன்.

அவர் விளக்கியதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. எது தண்டனை என்பதற்கு பெடரல் (மத்திய அரசின்) குடியேற்றச் சட்டம் தனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் பேரில் நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்தாலே அது தண்டனைதான். மாநிலம் கேஸைத் தள்ளிவிட்டாலும் அது மாறாது. திருட்டு, ஒழுக்கக்கேடான குற்றங்களின் வகையில் வருகிறது. நாட்டுக்குள் வந்த ஐந்து வருஷத்துக்குள், ஒரு வருஷமோ மேலோ தண்டனை தரக்கூடிய அப்படிப்பட்ட குற்றம் செய்தால் நாடுகடத்தலாம். ஒரு நாள்கூட ஜெயிலில் இருக்க வேண்டாம். கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனைதான் கணக்கு. தம்பி வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கிளாஸ் பி என்றால் 180 நாளோடு நின்றுவிடும், அந்தப் பிரிவு தொடாது. 750 டாலர் என்ற கோட்டில்தான் அவன் வாழ்க்கையே நின்றது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2010-இல் வந்த படில்லா எதிர் கென்டக்கி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. படில்லா, ஹோண்டுராஸிலிருந்து வந்து வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள் என்று அவருடைய வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். அதைப் படித்த அன்றே வக்கீலை மாற்றினோம்.

புது வக்கீல் முதல் வேலையாகக் கடையின் வீடியோவையும் போலீஸ் அறிக்கையையும் கேட்டு வாங்கினார். மைக்கேல் மார்ட்டன் என்பவர் செய்யாத கொலைக்கு டெக்சாஸில் ஏறக்குறைய 25 வருஷம் சிறையில் இருந்து 2011-இல் வெளியே வந்தார். அவர் பெயரால் வந்த சட்டப்படி 2014 முதல் அரசுத் தரப்பு, கேட்டால் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கடைப் பட்டியலையும் தம்பியின் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டோம். ஸ்கேன் செய்து காசு கட்டிய போர்வை, குக்கர், சட்டைகள் எல்லாம் திருடிய பொருள் பட்டியலில் இருந்தன! அவற்றைக் கழித்தால் மிச்சம் அந்த ஒரு பெட்டிதான், விலை 750-க்கு நன்றாகக் கீழே.

பெடரல் கேஸ்களும் நடத்தியவர் என்பதால் அவர் ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். பெடரல் நீதிமன்றத்தில் அரசுச் சாட்சியின் வாக்குமூலத்தை, அவர் கூண்டேறிச் சாட்சி சொன்ன பிறகு கொடுத்தால் போதும். எஃப்.பி.ஐ. ஆட்கள் வீட்டு வாசலில் வந்து கேட்கும்போது பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம், ஐந்து வருஷம் வரை. வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன் என்று சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார்.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. இங்கே ரீசெட் என்பார்கள். கடைசியில் கிளாஸ் பி-யாகக் குறைத்து, டைவர்ஷன் திட்டத்துக்கு அரசு வக்கீல் சம்மதித்தார். இதில் நீதிபதி முன் குற்றத்தை ஒப்புக்கொள்வது கிடையாது. நிபந்தனைகளை முடித்தால் கேஸ் தள்ளுபடி. ஆனால் ஒப்பந்த வரைவில் நடந்ததை ஒப்புக்கொள்ளும் ஒரு பத்தி இருந்தது. அந்த ஒரு பத்தியை எடுக்க மட்டும் இரண்டு வாய்தா ஆனது. இரண்டு வக்கீல்களும் போனில் பேசி முடிவு செய்த வாசகத்தில்தான் தம்பி கையெழுத்துப் போட்டான்.

கேஸ் தள்ளுபடியானதும் பதிவையே அழிக்க மனுப் போடலாம். அதற்கு முன்னால் நீதிமன்ற முத்திரையுடன் சான்றிட்ட நகல்களை வாங்கிவிடுங்கள். பதிவு அழிந்தபின் அவை கிடைக்காது, ஆனால் கைரேகையை வைத்துக் கைதான விஷயம் தூதரகத்துக்குத் தெரியும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் போட வேண்டும். தம்பியும் அப்படித்தான் போட்டான். சென்னையில், விசாவை நிறுத்திவைத்துக் கூடுதல் விவரம் கேட்கும் 221(ஜி) சீட்டுக் கொடுத்து ஆவணங்கள் கேட்டார்கள், கொடுத்தான், சில வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த ஸ்டாம்பிங்கிலும் இதே கேள்வி வரும் என்பதால் நகல்களில் ஒரு செட் என்னிடமும் இன்னொன்று கோவையில் அம்மாவிடமும் வைத்திருக்கிறோம்.