ஃபிளாட்பேக் ரிமோட்டும் மலையடிவாரப் பள்ளிக்குப் போகும் பென்டிரைவும்

லினக்ஸ் போட்ட ஒரு கணினி என் கைக்கு வந்தால், டெர்மினலைத் திறந்து நான் முதலில் அடிப்பது ‘ஃபிளாட்பேக் ரிமோட்ஸ் -டி’ என்ற கமாண்டைத்தான். ஃபிளாட்பேக் என்பது லினக்ஸில் செயலிகளை நிறுவும் ஒரு முறை, ரிமோட் என்பது அந்தச் செயலிகள் வரும் களஞ்சியம். என்னென்ன செயலி இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவை எங்கிருந்து வருகின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். ரிமோட்டின் பெயர், முகவரி, முன்னுரிமை எண் எல்லாம் அந்த ஒரு கமாண்டில் வந்துவிடும்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் இதுதான் வேலை. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஜிம்ப் என்ற வடிவமைப்புச் செயலிகள் மூன்றும் தினமும் ஓட வேண்டும். இது போக, கடையம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளியின் கணினிகளையும் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இணையம் வரும், போகும். பெரிய ஃபைல் எதையும் நம்பி டவுன்லோட் போட முடியாது. ரிமோட்டை ஒழுங்காக வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது அந்தப் பள்ளியில்தான்.

ஃபிளாட்பேக் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முதலில் எக்ஸ்டிஜி-ஆப் என்று பெயர். 2016-ல் ஃபிளாட்பேக் ஆனது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று எந்த லினக்ஸாக இருந்தாலும் செயலியின் ஒரே பொதி (பேக்கேஜ்) ஓடும். அந்தப் பொதிகளை வைத்திருக்கும் தொலைதூரக் களஞ்சியம்தான் ரிமோட். பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஃபிளாட்ஹப். ஆனால் அது ஒன்றுதான் ரிமோட் என்றில்லை. யார் வேண்டுமானாலும் தனக்கென ஒன்றை நடத்தலாம். ஒரு ரிமோட்டைச் சேர்க்கும்போது அதன் ஜிபிஜி சாவியும் (கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் சாவி) சேர்ந்தே உங்கள் கணினிக்குள் வருகிறது. அதாவது, அந்தச் சாவியால் கையெழுத்திட்டு வரும் எதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சம்மதம் கொடுக்கிறீர்கள். யாரோ எங்கோ எழுதி வைத்த ‘ரிமோட்-ஆட்’ வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

ஒரே செயலி இரண்டு ரிமோட்டில் இருக்கலாம். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் ஃபெடோராவின் சொந்த ரிமோட் ஆரம்பத்திலேயே இருக்கும். அதோடு ஃபிளாட்ஹப்பையும் சேர்த்துவிட்டு ‘ஃபிளாட்பேக் இன்ஸ்டால் ஜிம்ப்’ என்று அடித்தால், எதிலிருந்து வேண்டும் என்று அது திருப்பிக் கேட்கும். பள்ளியில் ஒரு மாணவன் இந்த இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டான்: “அண்ணாச்சி, ரெண்டு ஜிம்ப் காட்டுது. எதைப் போட?” நல்ல கேள்வி. பெயர் ஒன்றுதான், ஆனால் பொதி செய்தவர்கள் வேறு வேறு. கன்னடியன் கால்வாய்த் தண்ணீரும் கோடகன் கால்வாய்த் தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீர்தான் என்றாலும், தன் வயலுக்கு எந்தக் கால்வாயில் வருகிறது என்று தெரியாத விவசாயி நம் பக்கம் உண்டா?

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2025 பிப்ரவரியில், வீடியோ பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டுடியோ விஷயத்தில் இது பெரிய சர்ச்சையானது. ஃபெடோராவின் ரிமோட்டில் இருந்த ஓபிஎஸ் பொதி சரியாக வேலை செய்யவில்லை என்றும், அதனால் வரும் புகார்கள் தங்கள் தலையில் விழுகின்றன என்றும் ஓபிஎஸ் திட்டத்தார் சொன்னார்கள். சட்ட நடவடிக்கை வரை பேச்சு போய், பிறகு இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். பயனர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது எந்த ரிமோட்டின் பொதி என்றே தெரியாமல் இருந்ததுதான் அந்தச் சிக்கலின் வேர். ‘ஃபிளாட்பேக் லிஸ்ட்’ கமாண்டோடு ‘--காலம்ஸ்=அப்ளிகேஷன்,ஆரிஜின்’ என்று சேர்த்து அடித்தால் ஒவ்வொரு செயலிக்கும் நேரே அதன் பிறப்பிடம் தெரியும். பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்த கமாண்ட் இதுதான். அதனால் ஜிம்ப் போடும்போதும் ‘ஃபிளாட்பேக் இன்ஸ்டால் ஃபிளாட்ஹப்’ என்று ரிமோட்டின் பெயரை முன்னால் வைத்து, செயலியின் முழு அடையாளத்தையும் எழுதச் சொல்கிறேன்.

முன்னுரிமை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா ரிமோட்டுக்கும் தொடக்கத்தில் எண் 1. ‘ரிமோட்-மாடிஃபை’ கமாண்டில் ‘--ப்ரையோ’ கொடுத்து மாற்றலாம். எண் கூடினால் முன்னுரிமையும் கூடும். சாஃப்ட்வேர் ஸ்டோர் மாதிரி, டெர்மினல் இல்லாமல் மவுஸால் இயக்கும் கருவிகளுக்குத்தான் இது அதிகம் உதவும். செயலிக்குத் தேவையான ரன்டைமை (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் அடிப்படைத் தொகுப்பை) எந்த ரிமோட்டில் தேடுவது என்பதிலும் இந்த எண் பார்க்கப்படும்.

சிஸ்டம், யூசர் என்ற வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே ஃபிளாட்ஹப்பை எல்லோருக்கும் பொதுவாகவும் சேர்க்கலாம், ‘--யூசர்’ போட்டு ஒருவருக்கு மட்டும் தனியாகவும் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்து இருந்தால் ரன்டைம் இரண்டு இடத்திலும் போய் உட்காரும். பல பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் பழைய கணினியில் ஹார்டு டிஸ்க் நிரம்ப அது போதும். பள்ளியில் பொதுவான ரிமோட் ஒன்று மட்டும்தான் என்று வைத்துவிட்டேன்.

சரி, இணையம் நிலைக்காத இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? ஃபிளாட்பேக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ‘கிரியேட்-யுஎஸ்பி’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. நம் கணினியில் ஏற்கெனவே உள்ள செயலியை, அதற்குத் தேவையான ரன்டைமோடு சேர்த்துப் பென்டிரைவில் எழுதிக் கொடுத்துவிடும். அதற்கு முன், ஃபிளாட்ஹப் ரிமோட்டுக்கு ‘ரிமோட்-மாடிஃபை’ மூலம், களஞ்சியத்தை அடையாளம் காட்டும் கலெக்‌ஷன் ஐடி ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஃபிளாட்ஹப்புக்கு அது ‘ஓஆர்ஜி.ஃபிளாட்ஹப்.ஸ்டேபிள்’. கொடுத்த கையோடு ஒரு தடவை அப்டேட் போட்டுவிட வேண்டும். இரண்டு பக்கக் கணினியிலும் இந்த ஐடி ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போனதும், ‘இன்ஸ்டால்’ கமாண்டில் ‘--சைட்லோட்-ரெப்போ’ என்று பென்டிரைவில் உள்ள களஞ்சியத்தின் பாதையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பென்டிரைவில் வந்தது என்பதற்காக அது அநாதைப் பொதி ஆகிவிடுவதில்லை. ஃபிளாட்ஹப்பின் கையெழுத்து அதே சாவியால் சரிபார்க்கப்படுகிறது. பிறப்பிடம் என்ற இடத்தில் ஃபிளாட்ஹப் என்றே நிற்கும். நாளை இணையம் வந்தால் அப்டேட் நேரடியாக அங்கிருந்தே வரும். கண்ட இடத்திலிருந்து எடுத்த செட்டப் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து, வைரஸையும் கூடவே கொண்டுவரும் பழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஒரு முக்கியமான விஷயம் உண்டு, தமிழில் கணினி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். செயலிகளின் மொழிபெயர்ப்புகள் தனித் துண்டாக வருகின்றன. உங்கள் கணினியின் மொழிக்கு உரிய பகுதியை மட்டும்தான் ஃபிளாட்பேக் இறக்கி வைக்கும். கடையில் என் கணினி ஆங்கிலத்தில் ஓடுகிறது, பள்ளிக் கணினி தமிழில் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த அரைகுறைத் துண்டு பென்டிரைவில் போனால், அங்கே இன்ஸ்டால் தோற்றுப்போகும். அதனால் ‘ஃபிளாட்பேக் கான்ஃபிக்’ கமாண்டில் மொழிகளை ‘ஈஎன்;டிஏ’ என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைத்து, அப்டேட் போட்ட பிறகே பென்டிரைவுக்கு எழுதுகிறேன். ஜிகாம்பிரிஸ், கிரிட்டா, இங்க்ஸ்கேப் எல்லாம் இப்படித்தான் கடையம் போய்ச் சேர்ந்தன. நெட் இல்லாமல் அவை ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இத எங்க பிள்ளைகளே செய்யலாம் போலிருக்கே” என்றார் டீச்சர். செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது செய்கிறார்கள்.

பள்ளிக்கு என்று இன்னும் இரண்டு வசதிகளைச் சொல்ல வேண்டும். ஃபிளாட்ஹப்பில் உள்ள அத்தனையும் பிள்ளைகள் கண்ணில் பட வேண்டியதில்லை. ‘--சப்செட்=வெரிஃபைட்’ என்று மாற்றினால், செயலியை உருவாக்கியவர்களே வெளியிடுகிறார்கள் என்று உறுதி செய்யப்பட்டவை மட்டும் தெரியும். ‘ஃப்ளாஸ்’ என்று கொடுத்தால் கட்டற்ற மென்பொருள் மட்டும். இதைவிட இறுக்கமாக வேண்டும் என்றால் ‘--ஃபில்டர்’ இருக்கிறது. ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ‘டினை’, ‘அலவ்’ என்று வரி வரியாக எழுதலாம். முதலில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, ரன்டைம்களையும் டீச்சர் கேட்ட செயலிகளையும் மட்டும் அனுமதிப்பது என் வழக்கம். அந்த ஃபைலை டீச்சரே திருத்துவார். டெர்மினலைப் பார்த்து மிரளும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வேண்டாத ரிமோட்டை எடுப்பதில் அவசரம் கூடாது. ‘ரிமோட்-டெலீட்’ அடித்தால், அதிலிருந்து வந்த செயலிகளைப் பட்டியல் போட்டு, அவற்றையும் நீக்கட்டுமா என்று கேட்கும். ‘--ஃபோர்ஸ்’ போட்டால் கேட்காமல் ரிமோட்டை எடுத்துவிடும். செயலிகள் அப்படியே கிடக்கும், அப்டேட் மட்டும் இனி எந்த வழியிலும் வராது. பாதுகாப்பு ஓட்டை திறந்தபடியே நிற்கும். இதற்குப் பதில் ‘ரிமோட்-மாடிஃபை --டிஸேபிள்’ போட்டுச் சில நாள் வைத்துப் பாருங்கள். யாருக்கும் எதுவும் தடைபடவில்லை என்றால், அந்த ரிமோட்டின் செயலிகளை வேறு ரிமோட்டிலிருந்து மாற்றிப் போட்ட பிறகு நீக்கலாம். நிறுத்தி வைத்த ரிமோட் சாதாரணப் பட்டியலில் வராது. ‘--ஷோ-டிஸேபிள்ட்’ சேர்த்தால்தான் தெரியும்.