அசையாமல் இருந்தால் அணைந்துபோகும் விளக்கு

என் அறை விளக்கைத் தானாக எரியவும் அணையவும் வைக்கும் வேலையை இரண்டு மாதங்களுக்கு முன்பு தொடங்கியபோது, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் நுழைந்தால் எரிய வேண்டும், வெளியேறினால் அணைய வேண்டும், அவ்வளவுதான் தேவை. எரிய வைக்கும் பாதி ஒரே மாலையில் முடிந்தது. மீதி நாட்கள் அனைத்தும் அணைய வைப்பதிலேயே கரைந்தன.

முதலில் பொருத்தியது எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். உணரி. உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அது ஆளைக் கண்டுகொள்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வெள்ளைக் குமிழ் போன்ற ஃபிரெனெல் வில்லைக்குப் பின்னால், ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்ட இரண்டு உணர்பரப்புகள் இருக்கின்றன. இரண்டின் மீதும் ஒரே அளவு கதிர் விழும்போது ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது; ஒரு பரப்பிலிருந்து அடுத்ததற்கு அந்த வெப்பம் நகர்ந்தால் மட்டுமே சைகை எழுகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் சுவரும் அதற்கு ஒன்றே.

இது எனக்கு முதல் இரவிலேயே விளங்கிவிட்டது. பதுங்கிச் செல்லும் வகை விளையாட்டு ஒன்றில், காவலன் கடந்து போகட்டும் என்று ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், கட்டைவிரல்களைத் தவிர வேறெதுவும் அசையவில்லை, அறை இருண்டது. கன்ட்ரோலரை விட்டுக் கையை வீசினேன். விளக்கு எரிந்தது, காவலனிடம் அகப்பட்டுக்கொண்டேன். மறுநாள் உணரியின் பின்புறத்திலுள்ள சிறிய திருகைத் திருப்பி, விளக்கு எரியும் நேரத்தை ஏறத்தாழ ஐந்து நிமிடங்களாக நீட்டினேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் காலி அறை ஐந்து நிமிடம் எரிந்தது; புத்தகத்தில் மூழ்கியிருந்தால் ஆறாவது நிமிடம் இருண்டது. ஒரு குறையை இரண்டாக்கியதுதான் மிச்சம்.

அறிவியல் புனைவில் இந்தச் சிக்கலே வருவதில்லை என்ற எரிச்சல் எனக்கு இப்போது உண்டு. 1966-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில், கதவுகள் சரியாக யார் உள்ளே போக விரும்புகிறாரோ அவருக்கு மட்டும் திறக்கும். அருகில் நின்று பேசிக்கொண்டிருப்பவருக்குத் திறக்காது. அந்தக் கதவுகளை இழுத்துத் திறந்தவர்கள் படப்பிடிப்புத் தளத்தில் மறைந்து நின்ற பணியாளர்கள். நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் அந்த உணரி ஒரு மனிதர் என்று அறிந்தபோது, என் தோல்வி சற்று ஆறுதலாக இருந்தது.

அடுத்து வாங்கியது எல்.டி.2410 என்ற சிறிய ரேடார் உணரி. இது 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12.5 மில்லிமீட்டர்தான் என்பதால், மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதுகூடத் திரும்பி வரும் அலையில் தெரிந்துவிடுகிறது. உட்கார்ந்து விளையாடுபவன் மூச்சு விடாமல் இருக்க மாட்டான் அல்லவா!

ஆனால் அதோடு பேசவே எனக்கு மூன்று மாலைகள் ஆயின. உணரிகளைப் படித்து விளக்கை இயக்குவது, கையிலிருந்த இ.எஸ்.பி.8266 என்ற வைஃபை கொண்ட சிறு கணினி போர்டு. அதில் பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பெறும் முழுமையான சீரியல் இணைப்பு ஒன்றுதான் உண்டு, போர்டில் ஓடும் மென்பொருளான இ.எஸ்.பி.ஹோம் அதைத் தன் லாக் (செயல்பதிவு) செய்திகளுக்கு எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேறு இரண்டு பின்களில் மென்பொருள் வழியாகச் சீரியல் இணைப்பை உருவாக்கினேன். ரேடாரோ வினாடிக்கு 2,56,000 பிட் வேகத்தில் அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது நான்கு மைக்ரோவினாடிக்கும் குறைவு. இடையில் வைஃபை வேலை குறுக்கிட்டால் பிட்டுகள் தவறிப்போகும். ரேடார் அனுப்பும் ஒவ்வொரு தரவுத் தொகுப்பும் எஃப்4, எஃப்3, எஃப்2, எஃப்1 என்ற நான்கு பைட்டுகளுடன் தொடங்க வேண்டும். எனக்கு எஃப்4-க்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை. ஒயர்களை மாற்றினேன், சால்டரை மீண்டும் உருக்கினேன், உணரியே பழுதோ என்றுகூடச் சந்தேகித்தேன். கடைசியில், லாக் செய்திகளுக்கான சீரியல் வேகத்தைப் பூஜ்யமாக்கி அந்த இணைப்பை ரேடாருக்குக் கொடுத்தவுடன், நான்கு பைட்டுகளும் வரிசையாக வந்து நின்றன. மூன்று வன்பொருள் சீரியல் இணைப்புகள் கொண்ட இ.எஸ்.பி.32 போர்டை முதலிலேயே எடுத்திருந்தால் இந்தப் பத்தியை எழுதும் தேவையே இருந்திருக்காது.

இப்போது எதிர்த் திசையில் தொல்லை தொடங்கியது: விளக்கு அணையவே மறுத்தது. இந்த ரேடார் தூரத்தை 0.75 மீட்டர் கொண்ட ஒன்பது பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அசைவு தெரிகிறது என்பதை எண்ணாகக் காட்டும். அறையை விட்டு வெளியேறி, வீட்டுக் கருவிகளைக் கண்காணிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் வரைபடத்தை ஃபோனில் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது பட்டையில் ஓயாத மேடு. அங்கே இரண்டரை மீட்டர் தொலைவில் மேசை மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஆறாவது பட்டையில் அவ்வப்போது எழும் அலை, ஜன்னல் திரை. ஆறு முதல் எட்டு வரையிலான பட்டைகளை முழுவதுமாக நிறுத்திவிட்டு, மூன்றாவதில் மட்டும் ஆள் என்று கொள்வதற்கான வரம்பை உயர்த்தினேன். மெல்லிய மரத் தடுப்புக்கு அப்பால் நடப்பவர்களும் சில சமயம் தெரிந்தார்கள். அதை எண்களால் சரிசெய்ய முடியவில்லை.

இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்த காவலன் உதவிக்கு வந்தான். அத்தகைய விளையாட்டுகளில் காவலர்கள் நம்மைக் கண்ணிலிருந்து தவறவிட்ட நொடியிலேயே கைவிட்டுவிடுவதில்லை. சிறிது நேரம் தேடுவார்கள், பிறகே ரோந்துக்குத் திரும்புவார்கள். ஒவ்வொரு நேரத்திலும் ஒரே ஒரு நிலை, ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் திட்டமான விதி என்று நிரல் எழுதுபவர்கள் இதை அமைக்கிறார்கள். நானும் என் அறைக்குக் ‘காலி’, ‘ஆள் உண்டு’, ‘சந்தேகம்’ என்று மூன்று நிலைகளை வைத்தேன். காலி அறையை ‘ஆள் உண்டு’ ஆக்கும் அதிகாரம் பி.ஐ.ஆர். உணரிக்கு மட்டுமே, எனவே தடுப்புக்கு அப்பால் யார் நடந்தாலும் விளக்கு எரியாது. ஆள் வந்தபின் அந்த நிலையைப் பிடித்து வைத்திருப்பது ரேடாரின் வேலை. இரண்டும் அமைதியானால் ‘சந்தேகம்’: விளக்கு அணையாமல் மங்கும், அறுபது வினாடி காத்திருக்கும், அதற்குள் எது அசைந்தாலும் பழைய ஒளிக்குத் திரும்பும்.

மங்கலின் அளவு எதிர்பாராத பாடம். 70 விழுக்காடு என்று எழுதியதற்கு, விளக்கை வேகமாக எரித்து அணைத்து மங்கவைக்கும் மின்துடிப்பு கிட்டத்தட்ட 37 விழுக்காடு நேரமே 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குப் பட்டைக்குப் போயிற்று. ஏனெனில் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப இ.எஸ்.பி.ஹோம் 2.8 என்ற காமா திருத்தத்தைத் தானாகவே செய்துவிடுகிறது. அப்படியும் ‘சற்றுக் குறைந்தது’ என்று மட்டுமே எனக்குத் தோன்றியதால், 40-க்கு இறக்கினேன்.

ஒரு பிழை பின்னர் அகப்பட்டது. மின்சாரம் போய்த் திரும்பியபோது போர்டு ‘காலி’ என்ற நிலையில் விழித்துக்கொண்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் பி.ஐ.ஆர். என்னைக் காணவில்லை, ரேடாருக்கோ என்னைக் கண்டும் சொல்லும் அதிகாரமில்லை. தொடக்க நிலையைச் ‘சந்தேகம்’ என்று மாற்றினேன். அந்த நிலையில் ரேடாரின் சொல்லும் செல்லும்.

கடந்த பன்னிரண்டு நாட்களில் விளையாட்டின் நடுவே விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. இரண்டு முறை மங்கி, நாற்காலியில் நிமிர்ந்தவுடன் திரும்பியது. அறைக்குள் ஆள் இருக்கும்போதே தடுப்புக்கு அப்பால் ஒருவர் நின்று பேசினால், உள்ளே இருப்பவர் போன பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருப்பது மட்டும் இன்னும் தீரவில்லை. ரேடாரை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அந்தத் தடுப்பு ஆறாவது பட்டைக்கு அப்பால் விழும்படி செய்ய முடியுமா என்று நாளை அளந்து பார்க்கப் போகிறேன்.