இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு எந்தச் சேலைன்? நான் படித்த விதம்

மருத்துவபீட இறுதி வருட வைவாவுக்கு, அதாவது வாய்மொழிப் பரீட்சைக்கு, ஆயத்தமாகும் யாழ்ப்பாணத்துத் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

"பைபாஸ் முடிஞ்சு நாலு மணித்தியாலம். பிரஷர் 80/50. என்ன செய்வீர்?" என்று சேர் ஒருமுறை கேட்டார். "ஹார்ட்மன் 250 மில்லி குடுப்பன் சேர்" என்று, நாளத்தில் ஏற்றும் ஒரு உப்புத் திரவத்தின் பெயரை உடனே சொல்லிவிட்டேன். "ட்ரெயின் போத்தலைப் பாத்தனீரா?" என்றார். அதுவரை நெஞ்சிலிருந்து குழாய் வழியே அந்தப் போத்தலுக்கு வந்துகொண்டிருந்த இரத்தம் சடுதியாக நின்றிருந்தது, சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெரிய நாளத்தின் அழுத்தம்) ஏறியிருந்தது. இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி நெரிக்கும் டம்போனாட். நான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியது சத்திரசிகிச்சை நிபுணரை.

அன்றிரவே கொக்குவில் அறையில் கொப்பியைத் திருப்பி எழுதினேன். சேலைன்களின் பெயர்கள் இருந்த இடத்தில் பிரஷர் விழும் காரணங்களைத் தலைப்பாக்கினேன்: இரத்தம் போகிறதா, உடல் சூடேற நாளங்கள் விரிகின்றனவா, இதயத்தசை களைத்துவிட்டதா, டம்போனாடா. களைத்த இதயத்துக்கு மேலும் மேலும் திரவம் ஏற்றினால் நுரையீரலில்தான் தண்ணீர் சேரும்.

பிறகுதான் எந்தத் திரவம் என்ற கேள்வி. நோமல் சேலைனில் குளோரைட் லீற்றருக்கு 154 மில்லிமோல், நம் குருதியில் ஏறத்தாழ 100. லீற்றர் கணக்கில் ஏற்றினால் குருதியின் அமிலத்தன்மை கூடும். ஹார்ட்மனில் 111தான். "அதில பொட்டாசியம் இருக்கே, கிட்னி பழுதான ஆளுக்குக் குடுக்கலாமோ?" என்று குப்பியில், நாங்கள் கூடிப் படிக்கும் வகுப்பில், ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். இருப்பது வெறும் 5 மில்லிமோல், குருதியின் அளவுதான். சேலைன் உண்டாக்கும் அமிலத்தன்மையே பொட்டாசியத்தைக் கூடுதலாக ஏற்றும். இதை விளங்கிப் படியுங்கள், வைவாவில் கட்டாயம் உதவும்.

பழைய நோட்ஸில் ஸ்டார்ச் (மாப்பொருளில் செய்த ஏற்றும் திரவம்) இருந்தால் வெட்டிவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு 2012இல் பெரிய ஆய்வுகளில் தெரியவந்தது, 2022இல் ஐரோப்பா அதன் அனுமதியையே இடைநிறுத்தியது. குருதிப் புரதமான அல்புமின் விலை கூடியது. இதய சத்திரசிகிச்சை நோயாளிகளில் பின்லாந்தில் செய்து 2022இல் வெளியான ஆய்வில், ரிங்கர் திரவத்தைவிட அது பெரிய சிக்கல்களைக் குறைக்கவில்லை.

வாட்டில் ஒரு அப்புவின் கணுக்காலில் விரலை அமத்தி எடுத்தேன். குழி நெடுநேரம் அப்படியே நின்றது, உடலில் நீர் கூடிய வீக்கம். இதய நுரையீரல் இயந்திரத்தை நிரப்பும் திரவமே ஒரு லீற்றருக்கு மேல் வரும், அதுவும் இவர்களின் உடலில்தான் சேர்கிறது. அதனால்தான் 250 மில்லி கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள்.

குப்பியில் இருவராக இருந்து படியுங்கள். ஒருவர் நோயாளியைச் சொல்லட்டும். மற்றவர் ட்ரெயின், சி.வி.பி., லக்டேட் (இரத்த ஓட்டம் போதாவிட்டால் குருதியில் ஏறும் பொருள்), சிறுநீர் நாலையும் கேட்காமல் சேலைன் பெயரைச் சொன்னால், முதலிலிருந்து தொடங்குங்கள்.